நரம்பு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது?

மண்டையோட்டின் அடித்தளத்தில் வளர்ந்த கட்டியின் எம்ஆர்ஐ படத்தைத் திரையில் ஏற்றியதும் அறையில் இருப்பவர்கள் முதலில் சொல்வது அளவைத்தான். 3 சென்டிமீட்டர், 4.5 சென்டிமீட்டர். அளவு தெரிந்தால் அறுவை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஓரளவு கணக்குப் போடலாம். எந்த வழியாகப் போவது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது நரம்புகள். கட்டி வருடக்கணக்கில் மெல்ல வளரும்போது பார்வை நரம்பையும் முகநரம்பையும், மூளைக்கு ரத்தம் தரும் கரோட்டிட் தமனியையும் ஏதோ ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போயிருக்கும். எதிர்ப்பக்கமாக நுழைந்தால் கருவி முதலில் தொடுவது கட்டியை. அவை ஒதுங்கிய பக்கமாகவே நுழைந்துவிட்டால், ஒவ்வொரு துணுக்கையும் நரம்புகளின் இடுக்கு வழியே எடுக்க வேண்டிவரும். முடிவில் கட்டி போயிருக்கும். கூடவே கண்ணசைவோ, முகத்தின் அசைவோ, விழுங்கும் திறனோ போயிருக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் இளையவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நரம்பைத் தாண்டிப் போகாதே.

மண்டையோட்டு அடித்தளத்தின் நடுவிலுள்ள கிளைவஸ் எலும்பில் வரும் கோர்டோமா என்ற கட்டியை எடுத்துக்கொள்வோம். அது நட்டநடுவில், மூளைத்தண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு ஜோடி மூளை நரம்புகளில், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு பெரும்பாலும் பின்புறமும் பக்கவாட்டிலும் தள்ளப்பட்டிருக்கும். காது பக்கமாகப் போனால் வழியில் ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை நரம்புகள் வரிசையாக நிற்கும். மூக்கு வழியே நேராகப் போனால் நடுவில் நரம்பே கிடையாது. இதே கட்டி, நாக்கு நரம்பு வெளியேறும் ஹைப்போகுளோசல் கால்வாயைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவியிருந்தால் கணக்கு மாறும். மூக்கு வழி மட்டும் போதாமல், வேறொரு நாளில் பின்பக்கத்திலிருந்து இரண்டாம் அறுவை தேவைப்படலாம். ஒரே நாளில் ஒரே வழியில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற பிடிவாதம் நிறைய நரம்புகளைக் காவு வாங்கியிருக்கிறது.

படத்தில் தேட வேண்டியவை

எம்ஆர்ஐ மட்டும் போதாது. 1 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய வெட்டுகளில் சிடி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் துளைக்கப்போவது எலும்பு. மூக்கு வழி என்றால் மூக்கின் பின்னால் ஆழத்திலுள்ள ஸ்பீனாய்டு சைனஸ் என்ற காற்றறைக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் எங்கே போய் ஒட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். அவை நடுவில் இருப்பது அபூர்வம்; பல நேரம் நேராக கரோட்டிட் தமனியின் எலும்புக் கூரையில் போய் முடியும். அப்படிப்பட்ட சுவரை இடுக்கியால் பிடித்து முறுக்கி உடைத்தால் தமனியின் மேலிருக்கும் எலும்பும் சேர்ந்து பெயரும். அதை ட்ரில்லால் தேய்த்துத்தான் குறைக்க வேண்டும். ஓனோடி செல் என்று, கண்களுக்கு நடுவிலுள்ள எத்மாய்டு காற்றறைகளில் பின்னுள்ள ஒன்று சிலருக்கு ஸ்பீனாய்டின் மேல்வரை நீண்டிருக்கும். அதன் சுவரில் பார்வை நரம்பு கிட்டத்தட்ட மூடியில்லாமல் ஓடும். அதை ஸ்பீனாய்டு என்று நினைத்து உள்ளே சுரண்டினால் கண் போய்விடும்.

காது பக்க அறுவை என்றால் சிடியில், கழுத்துச் சிரையின் மேல்முனையான ஜுகுலர் பல்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, காதின் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பில் காற்றறைகள் எதுவரை பரவியிருக்கின்றன என்று பார்ப்பது. எம்ஆர்ஐயில் நரம்புகளைத் தனித்தனியே காட்டும் அடர்த்தியான டி2 வரிசைகளைக் கேட்டு வாங்க வேண்டும். அதே டி2 படத்தில், கட்டியை ஒட்டிய மூளைத்தண்டில் வெள்ளையாக வீக்கம் தெரிந்தால் அது எச்சரிக்கை. கட்டிக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய படலம் பெரும்பாலும் அழிந்துவிட்டது, பிரித்தெடுக்கும் தளம் அங்கே இருக்காது என்று பொருள். அங்கே ஒரு மெல்லிய தகட்டை விட்டுவிட்டு வரப்போகிறோம் என்பதை அறுவைக்கு முன்பே முடிவு செய்து, நோயாளிக்கும் சொல்லிவிட வேண்டும். அறுவையின் எட்டாவது மணி நேரத்தில், களைத்த கைகளோடு எடுக்கக்கூடிய முடிவல்ல அது.

ரத்தப் பரிசோதனையிலேயே திட்டம் மாறிவிடும் இடங்களும் உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் பெரிய கட்டி, ரத்தத்தில் புரோலாக்டின் ஹார்மோனின் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டியிருக்கிறது என்றால், பார்வை அவசரமாகக் கெட்டுக்கொண்டிருக்கவில்லை என்ற நிலையில் முதல் சிகிச்சை காபர்கோலின் மாத்திரை. பல கட்டிகள் சில வாரங்களிலேயே சுருங்கத் தொடங்கும். இதில் ஒரு பொறி உண்டு. மிகப் பெரிய கட்டியில் புரோலாக்டின் அளவுகடந்து இருக்கும்போது சோதனை முறையே திணறி, பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும். ஹூக் விளைவு என்று இதற்குப் பெயர். கட்டி மிகப் பெரிது, எண் மட்டும் சுமாராக இருக்கிறது என்றால், மாதிரியை நூறு மடங்கு நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு ஓர் அறுவையைத் தவிர்த்துவிடும். கழுத்துச் சிரை வெளியேறும் ஜுகுலர் துளையில் ரத்தம் மிகுந்த பாராகாங்கிலியோமா கட்டி என்று சந்தேகம் வந்தால் மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து உருவாகும் பொருள்) அளவைப் பார்க்காமல் மேசையில் ஏற்றக் கூடாது. கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரப்பதாக இருந்தால், தொட்டதும் ரத்த அழுத்தம் எகிறும்.

மூக்கு வழியே

1907ல் இன்ஸ்ப்ரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து முதன்முதலில் இந்த வழியில் பிட்யூட்டரியை அடைந்தார். ஹார்வி குஷிங் இதே பாதையில் நூற்றுக்கணக்கான அறுவைகள் செய்தும் பின்னாளில் மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கே போய்விட்டார். ஆழமான குறுகிய பள்ளத்தில் வெளிச்சம் போதவில்லை என்பது பெரிய காரணம். 1960களில் ஜூல்ஸ் ஹார்டி நுண்ணோக்கியைக் கொண்டுவந்த பிறகும், 1990களில் எண்டோஸ்கோப் வந்த பிறகும்தான் மூக்கு வழி முழுதாக மீண்டது. இன்று 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள 0 டிகிரி எண்டோஸ்கோப்பில் தொடங்கி, மூலைகளைப் பார்க்க 30 டிகிரிக்கு மாற்றுவது வழக்கம்.

தலையை 15 முதல் 30 டிகிரி உயர்த்தி வைத்தாலே சிரை ரத்தக் கசிவு கணிசமாகக் குறையும். அட்ரினலின் நனைத்த பஞ்சுத் துண்டுகளைப் பத்து நிமிடம் மூக்கில் வைத்துப் பொறுமையாகக் காத்திருப்பது பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீளும் நடு டர்பினேட் எலும்பை வெளிப்பக்கம் ஒதுக்கி, கோவனா என்ற பின் நாசித் துளையின் மேல்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர் மேலே ஸ்பீனாய்டின் திறப்பைத் தேடுவது. இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பட்டை வெறும் சவ்வு போலத் தெரியும். அதற்குள்தான் மூக்கு நடுச்சுவருக்குப் போகும் தமனி ஓடுகிறது. கடைசியில் ஓட்டையை அடைக்க நாம் நம்பப்போகும், நடுச்சுவரின் சவ்விலிருந்து எடுக்கும் மடலுக்கு ரத்தம் தருவது இதுதான். ஸ்பீனாய்டைக் கீழ்ப்பக்கம் அகலப்படுத்தும் அவசரத்தில் இதைச் சுட்டுவிட்டால், நான்கு மணி நேரம் கழித்து அடைப்பதற்கு எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். ஆகவே மடல் வேண்டிவரும் என்ற சந்தேகம் இருந்தாலே இரண்டு பக்கங்களில் ஒன்றிலாவது அந்தப் பட்டையைத் தொடாமல் கீழே இறக்கி வையுங்கள்.

நடுச்சுவரின் பின்பகுதியில் 1 முதல் 2 சென்டிமீட்டர் அகற்றினால் இரண்டு துளைகள் வழியாகவும் கருவிகள் வரும். ஒருவர் எண்டோஸ்கோப்பைப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு கைகளாலும் வேலை செய்யலாம். ஒற்றைக் கையால் கட்டியை இழுத்தெடுப்பதும், ஒரு கையில் சக்ஷனும் மறு கையில் கருவியுமாகப் பிரித்தெடுப்பதும் ஒன்றாகாது. பிட்யூட்டரி உட்காரும் செல்லா என்ற எலும்புக் குழியின் தரையை டைமண்ட் பர் என்ற தேய்ப்பு முனையால் முட்டையோட்டுத் தடிமனுக்குத் தேய்த்து, பின் கெரிசன் கருவியால் கொறிப்பது. மூளையுறையான டியூராவைத் திறக்கும் முன் டாப்ளர் முனையை வைத்து இரு பக்கக் கரோட்டிட்களின் ஒலியைக் கேட்டுவிட வேண்டும். நேவிகேஷன் திரை அழகாகக் காட்டும், ஆனால் அது காலையில் எடுத்த படம். தமனி இப்போது எங்கே துடிக்கிறது என்பதை டாப்ளர்தான் சொல்லும்.

அடினோமா என்ற மென்மையான பிட்யூட்டரி கட்டியை எடுக்கும் வரிசையில் புதியவர்கள் தவறுவது அதிகம். டியூராவைத் திறந்ததும் நடுவில் கட்டி பிதுங்கி வரும். மேல்பக்கம் எளிதாகக் கைக்கு வரும். அதை உறிஞ்சிவிடத் தோன்றும். செய்தால் செல்லாவின் கூரையாக மேலிருக்கும் டயாஃப்ரம் சவ்வு, உள்ளே தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல், வெள்ளைப் பலூன் போலத் தொப்பென்று இறங்கிக் கண்ணை மறைத்துவிடும். அதன் பின்னால் இரு பக்க மூலைகளிலும் கட்டி மிஞ்சும். எனவே முதலில் கீழ், பிறகு இரு பக்கம், கடைசியாக மேல். சவ்வு நான்கு புறமும் சமமாக இறங்கினால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் மறுபக்கம் மேலே இன்னும் கட்டி ஒளிந்திருக்கிறது. இறங்கவே இல்லை என்றால் மயக்க மருத்துவரிடம் சொல்லிச் சில விநாடிகள் நுரையீரல் அழுத்தத்தை உயர்த்தச் சொல்லலாம்; தலைக்குள் அழுத்தம் ஏறி, மேல்பகுதி மெல்ல இறங்கும். மேலே கையை நீட்டி இழுக்கக் கூடாது. டியூராவுக்கு அடியிலுள்ள அரக்னாய்டு சவ்வு கிழிந்து, மூளையைச் சுற்றியிருக்கும் சிஎஸ்எஃப் திரவம் வருவதும், அதைவிட மோசமாக பார்வை நரம்புக்குப் போகும் நுண் தமனிகள் அறுவதும் அந்த இழுப்பில்தான். செல்லாவின் இரு பக்கமும் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை அறையிலிருந்து ரத்தம் வந்தால் அது கருநிறமாக, வழிந்தபடி வரும். சுட முயல வேண்டாம், ஜெலட்டின் பசையை நிரப்பிப் பஞ்சால் அழுத்திச் சில நிமிடம் காத்திருந்தால் நின்றுவிடும். பளீரென்ற சிவப்பில் பீறிட்டு வந்தால் அது வேறு.

அந்த வேறு விஷயத்துக்கு அறுவை தொடங்கும் முன்பே தயாராக வேண்டும். கரோட்டிட் கிழிவது அரிது. நடந்தால் அடுத்த சில நிமிடங்கள் பயிற்சியால் மட்டுமே கடக்கக்கூடியவை. எந்தப் பெரிய மூக்கு வழி அறுவையிலும் ஒரு தொடையைச் சுத்தம் செய்து திரையிட்டு வைத்திருங்கள். கொழுப்பும், தசையுறைப் பட்டையும், அவசரத்துக்குத் தசையும் அங்கிருந்தே கிடைக்கும். அகலமான சக்ஷன் இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிழிந்தால், எண்டோஸ்கோப்பை ரத்தம் பீறிடாத பக்கத் துளைக்கு மாற்றி, ஒரு சக்ஷனால் ரத்த ஓட்டத்தைத் திருப்பி, நசுக்கிய தசைத் துண்டை ஓட்டைமேல் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறையாமல். பார்க்கலாமே என்று நடுவில் எடுக்கக் கூடாது. ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி ரத்தத்தை நிறுத்தலாம் என்ற யோசனை மூளைக்கு ஆபத்து. மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்துசேர அழுத்தம் தேவை. நின்றதும் கட்டியைத் தொடராமல் நேராக ஆஞ்சியோகிராம் அறைக்கு. முதல் ஆஞ்சியோ சுத்தமாக இருந்தாலும் போதாது. போலி அனியூரிசம் என்ற தமனிப் புடைப்பு நாட்கள் கழித்து உருவாகும் என்பதால் மறுபடி எடுத்தாக வேண்டும்.

அடைப்பதுதான் பாதி வேலை

கட்டியை எடுக்கும் காணொளிகளை எல்லோரும் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். ஓட்டையை அடைக்கும் பகுதி வந்ததும் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். நோயாளி மறுபடி மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பகுதி சரியாக அமையாததால்தான். மூக்குக்கும் மூளைக்கும் நடுவே ஓட்டை இருக்கும்வரை கிருமிகளுக்கு வழி திறந்தே இருக்கிறது.

2006ல் ஹடாட், பஸ்ஸகாஸ்டெகி ஆகிய இருவர் பெயரில் வந்த நடுச்சுவர் மடல்தான் இந்த வழியைப் பெரிய கட்டிகளுக்கும் திறந்துவிட்டது. பெரிய டியூரா ஓட்டைகளில், ரத்த ஓட்டமில்லாத ஒட்டுகளை மட்டும் வைத்தால் கசிவு சுமார் 16 சதவீதம், ரத்த ஓட்டமுள்ள மடல் வைத்தால் சுமார் 7 சதவீதம் என்று தொகுப்பு ஆய்வுகள் காட்டின. மடலின் மேல் வெட்டை நடுச்சுவரின் உச்சியிலிருந்து 1 முதல் 2 சென்டிமீட்டர் கீழே போட வேண்டும். அந்த மேல்பட்டையில் வாசனை நரம்புகள் இருக்கின்றன. எடுத்த மடலை வேலை முடியும்வரை தொண்டைப் பக்கமோ கன்னத்திலுள்ள மேக்ஸிலரி சைனஸுக்குள்ளோ சுருட்டி வைக்கலாம். ட்ரில்லின் தண்டில் சுற்றிக்கொண்டு கிழிந்த மடல்கள் உண்டு, ஆகவே ட்ரில் ஓடும்போதெல்லாம் மடல் எங்கே என்று ஒரு கண் இருக்கட்டும்.

அடுக்கும் முறை இப்படி. டியூராவுக்கு உள்ளே ஒரு செயற்கை உறை அல்லது தசையுறைத் துண்டு, ஓட்டையைவிடச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் பெரிதாக. பள்ளம் ஆழமாக இருந்தால் கொழுப்பு. எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே இன்னொரு அடுக்கு. அதன்மேல் மடல். மடலின் சவ்வுப் பக்கம் மூக்கை நோக்கியும், உரித்தெடுத்த பச்சைப் புண் பக்கம் எலும்பை நோக்கியும் இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒட்டாது. திரையில் இரண்டும் சிவப்பாகத்தான் தெரியும் என்பதால் இந்தத் தவறு நடக்கக்கூடியதுதான். மடல் உட்காரும் எலும்பில் ஒரு துளி சவ்வுகூட மிச்சமில்லாமல் உரித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் சளி தேங்கி வருடங்கள் கழித்து மியூகோசீல் என்ற சளிப்பை ஆகும். மடலின் காம்பு முறுக்கிக்கொள்ளாமல், இழுபடாமல், எலும்போடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். கூடாரம் போல நடுவில் தூக்கி நின்றால் அங்கேதான் கசியும். பிறகு கரையும் பஞ்சு, அதன்மேல் தாங்கு பொதி, தேவைப்பட்டால் ஃபோலி பலூன். பலூனை எண்டோஸ்கோப்பில் பார்த்தபடியே ஊத வேண்டும். அதிகம் ஊதினால் கொழுப்பு மேலே தள்ளப்பட்டுப் பார்வை நரம்பை அழுத்தும்.

இடுப்பில் சிஎஸ்எஃப் வடிகுழாய் வைப்பதா வேண்டாமா என்ற வாதம் நீண்ட நாள் நடந்தது. கசிவு அபாயம் அதிகமுள்ள 170 பேரிடம் நடந்து 2019ல் வெளியான சோதனையில், மணிக்கு 10 மில்லி வீதம் 72 மணி நேரம் வடித்தவர்களில் கசிவு 8.2 சதவீதம், வடிக்காதவர்களில் 21.2 சதவீதம். பெரிய ஓட்டைக்கு வைப்பதே சரி என்று அதன்பின் தயக்கமில்லாமல் சொல்லலாம். சாதாரண பிட்யூட்டரி அறுவைக்கு இது வேண்டியதில்லை. மணிக்கு எவ்வளவு வடிகிறது என்று செவிலியர் அளந்து எழுதுவதில்தான் இதன் பாதுகாப்பு இருக்கிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை யாராவது உயர்த்திவிட்டுக் குழாயின் மட்டத்தைச் சரிசெய்ய மறந்தால், ஒரு மணி நேரத்தில் வடிய வேண்டியதைவிடப் பல மடங்கு வடிந்து, தலைக்குள் காற்று ஏறும்.

நெற்றிப் பக்கம், பொட்டுப் பக்கம்

மூக்கு வழிக்கு எல்லை உண்டு. கட்டி பார்வை நரம்புக்கும் கரோட்டிட்டுக்கும் வெளிப்பக்கம் தாண்டிவிட்டால், அல்லது முன்மூளைத் தமனிகளைச் சுற்றி வளைத்திருந்தால், மேலிருந்துதான் போக வேண்டும். பொட்டெலும்பு வழியான டெரியனல் திறப்பு இன்றும் நம்பகமானது. தலையை ஏறத்தாழ 30 டிகிரி திருப்பி, கன்ன எலும்பு உச்சியில் வரும்படி சாய்த்தால் மூளை தன் எடையிலேயே பின்வாங்கும். தசையை இறக்கும்போது கொழுப்பு மெத்தையோடு சேர்த்து இறக்கினால் நெற்றி சுருக்கும் நரம்புக் கிளை பிழைக்கும். செல்லாவின் முன் மேட்டில் மூளையுறையிலிருந்து வளரும் ட்யூபர்குலம் மெனிஞ்சியோமாவில் கட்டியைத் தொடும் முன்பே பார்வை நரம்புக் கால்வாயின் கூரையைத் திறந்து, அங்கிருக்கும் ஃபால்சிஃபார்ம் என்ற டியூரா மடிப்பை வெட்டிவிடுவது நல்லது. கட்டியை அசைக்கும்போது நரம்பு அந்தக் கூர்மையான விளிம்பில் அறுபடாமல் இருக்கும். ட்ரில்லுக்குக் குளிர்ந்த நீர் நிற்காமல் ஓட வேண்டும். கால்வாய்ப் பக்கத்தில் நீர் நின்ற சில விநாடிச் சூடே பார்வைக்குப் போதுமான கேடு.

காதின் பின்னால்: முகநரம்பு

சமநிலை நரம்பின் உறையில் வளரும் வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா கட்டிக்கு மூன்று வழிகள். செவித்திறன் ஏற்கெனவே போயிருந்தால் உள்காதைத் துளைத்துப் போகும் டிரான்ஸ்லாபிரின்தைன். கேட்கும் திறன் நன்றாக இருந்து, கட்டி சிறியதாய்ச் செவிக் கால்வாய்க்குள்ளேயே இருந்தால் மேலிருந்து மண்டையோட்டின் நடுக்குழி வழி. எல்லா அளவுக்கும் பொருந்துவது காதின் பின்னுள்ள பெரிய சிரையான சிக்மாய்டு சைனஸின் பின்னாலிருந்து போகும் ரெட்ரோசிக்மாய்டு. சிறிய கட்டி வளராமல் இருந்தால் ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்ப்பதும், வளர்ந்தால் விளிம்பில் 12 முதல் 13 கிரே அளவுக்கு ஒற்றைத் தவணைக் கதிர்வீச்சும் முழு மரியாதைக்குரிய தேர்வுகள். அறுவை செய்பவர் இதை நோயாளிக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

மயக்க மருத்துவரோடு முன்பே பேச வேண்டியது: முகநரம்பைக் கண்காணிக்கும்போது தசைத் தளர்த்தி மருந்து ஓடக்கூடாது. ஓடினால் கருவி மௌனமாக இருக்கும். நரம்பு பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

ரெட்ரோசிக்மாய்டு வழியில் டியூராவைத் திறந்ததும் சிறுமூளையை ரிட்ராக்டரால் தள்ளாதீர்கள். கீழ்ப்பக்கம் சிஸ்டர்னா மேக்னா என்ற சிஎஸ்எஃப் தேக்கத்தைத் திறந்து, சிஎஸ்எஃப் தானாக வழிய ஐந்து நிமிடம் விடுங்கள். சிறுமூளை தானே தளர்ந்து ஒதுங்கும். தள்ளிய சிறுமூளைதான் மறுநாள் வீங்கும். கட்டி தெரிந்ததும் அதன் பின்முகம் முழுவதையும் தூண்டுகோலால் தொட்டு, முகநரம்பு இந்தப் பக்கம் இல்லை என்று உறுதி செய்த பிறகே உறையை வெட்ட வேண்டும். பெரும்பாலும் அது முன்பக்கம்தான் இருக்கும். பெரும்பாலும் என்பது எப்போதும் என்று ஆகாது.

உள்ளிருந்து குடைந்து கட்டியைக் காலியாக்கிய பிறகு, உறை மட்டும் தளர்ந்த பையாக மிஞ்சும். இங்கே நுண்ணோக்கியில் தெரியும் முகநரம்பு புத்தகப் படத்தில் வரும் உருண்டை நூலாக இருக்காது. பெரிய கட்டியில் அது உறையின்மேல் பல மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்த, சாம்பல் நிறத்து ஈரமான நாடா. சில இடங்களில் அரக்னாய்டு எது, நரம்பு எது என்று கண்ணால் சொல்லவே முடியாது. மூளைத்தண்டுப் பக்கம் ஒரு முனையையும், செவிக் கால்வாயின் ஆழத்தில் இன்னொரு முனையையும் அடையாளம் கண்டு, இரண்டிலிருந்தும் நடுவை நோக்கி வர வேண்டும். கால்வாயின் வாய் விளிம்பில்தான் நரம்பு மிகவும் மெலிந்து, கட்டியோடு மிகவும் ஒட்டியிருக்கும். அங்கே பிரியவில்லை என்றால் ஒரு மெல்லிய தகட்டை நரம்பின்மேல் விட்டுவிடுங்கள். மிஞ்சியது வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது. அறுந்த நரம்பை ஒட்டினாலும் முகம் பழையபடி திரும்புவதில்லை. சிரிக்கும்போது கண் மூடுவதும், கண் மூடும்போது வாய் இழுப்பதும் நிரந்தரமாகத் தங்கும். வேலை முடிந்ததும் மூளைத்தண்டுப் பக்க முனையை 0.05 மில்லி ஆம்பியரில் தூண்டி முகத்தசை பதில் சொன்னால், இன்று முகம் கோணினாலும் மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது.

மூடும் முன் ஒரு வேலை. துளைத்த கால்வாய்ச் சுவரிலும் மாஸ்டாய்டு விளிம்பிலும் திறந்துபோன ஒவ்வொரு காற்றறையையும் எலும்பு மெழுகால் அடைப்பது. ஒன்று விட்டுப்போனாலும் சிஎஸ்எஃப் நடுக்காதுக்குள் இறங்கி, யூஸ்டேஷியன் குழாய் வழியாக மூக்கில் சொட்டும். காதில் அறுவை, மூக்கில் கசிவு என்பதால் பலர் இதைச் சளி என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜுகுலர் துளைக் கட்டிகளில் இன்னொரு கணக்கு வருகிறது. விழுங்கவும் பேசவும் உதவும் ஒன்பது, பத்தாம் நரம்புகள் வருடக்கணக்கில் மெல்லச் செயலிழந்தால் மறுபக்கத் தொண்டை அதை ஈடுசெய்யப் பழகிவிடும். நோயாளிக்குக் குரல் சற்று மாறியிருக்கும், சாப்பாடு இறங்கும். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நரம்பு ஒரே நாளில் போனால் அந்தப் பழக்கத்துக்கு நேரமே இல்லை; உணவு நுரையீரலுக்குள் போகும். முதியவருக்கு அது உயிருக்கே உலை. ஆகவே விழுங்குவதில் குறையே இல்லாத முதியவரின் பாராகாங்கிலியோமாவை முழுதாக எடுக்க அவசரப்பட வேண்டாம், கதிர்வீச்சால் பெரும்பாலும் அடக்கி வைக்கலாம். எடுப்பதென்று முடிவானால் ஓரிரு நாள் முன்பே தமனிகளை அடைத்துவிட்டுத் தொடங்குவது.

அறுவைக்குப் பின்

முதல் இரவு மணிக்கொரு முறை ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி விரலை எண்ணச் சொல்ல வேண்டும். முன்பு எண்ணியவர் இப்போது தடுமாறினால் காலைவரை காத்திருக்காதீர்கள். உடனே சிடி; ரத்தக்கட்டு என்றால் உடனே மேசைக்கு. முகம் கோணிய நோயாளிக்குக் கண்ணீர் சொட்டு மருந்து பகலில் அடிக்கடி, இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டி வைப்பது. முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம் நரம்பும் சேர்ந்து மரத்திருந்தால் கண்ணில் தூசி விழுந்தாலும் வலிக்காது. சில நாட்களிலேயே கருவிழியில் புண் வந்துவிடும். இப்படிப்பட்டவருக்குக் கண் மருத்துவர் வீடு திரும்பும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மூக்கு வழி அறுவை முடிந்தவருக்கு முகமூடி வைத்து அழுத்தத்தோடு காற்று ஊதக்கூடாது, மூக்கு வழியே கண்மூடித்தனமாக எந்தக் குழாயும் விடக்கூடாது. இதைத் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அறுவையில் இல்லாத ஒருவர்தான் நள்ளிரவில் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு வருவார்.

பிட்யூட்டரி அறுவைக்குப் பின் சிறுநீர் மணிக்கு 250 மில்லிக்கு மேல் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் போய், ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 145 மில்லிமோலைத் தாண்டினால் அது நீர்க்கழிவு நோய் (டயாபெடிஸ் இன்சிபிடஸ்), டெஸ்மோபிரெஸின் மருந்து தேவைப்படலாம். முதல் ஓரிரு நாளில் இதை எல்லோரும் கவனிக்கிறார்கள். தப்பிவிடுவது அதற்கு நேரெதிரான நிலை. நோயாளி நலமாக வீட்டுக்குப் போயிருப்பார். ஏழாம் நாளை ஒட்டி, பிட்யூட்டரியில் சேமித்து வைத்திருந்த, உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் கட்டுப்பாடின்றி வெளியேறிச் சோடியம் சரியத் தொடங்கும். தலைவலி, குமட்டல், அசதி. அறுவைக்குப் பிறகு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்று வீட்டில் நினைப்பார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அது சோடியத்தை மேலும் இறக்கி வலிப்பு வரை கொண்டுபோகும். எனவே முதல் வாரம் நாளுக்கு 1 முதல் 1.5 லிட்டர் நீர் போதும் என்று பல மையங்கள் கட்டுப்படுத்துகின்றன. நீர்க்கழிவு நோய் இன்னும் தொடர்பவருக்கு இது பொருந்தாது, அவர் தாகத்துக்குக் குடித்தே ஆக வேண்டும். ஏழாம் நாள் சோடியம் பரிசோதனைக்கான சீட்டை டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்துப் பின் செய்து கொடுங்கள். இதே அசதிக்குக் கார்டிசால் குறைவும் காரணமாகலாம் என்பதால் காலை நேரக் கார்டிசாலையும் அதிலேயே எழுதிவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியது, குனியும்போது மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் போலச் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்பது. சளி கைக்குட்டையில் காய்ந்தால் விறைக்கும், சிஎஸ்எஃப் விறைக்காது. ஆனால் இதை நம்பி முடிவெடுக்காமல், சொட்டுவதைச் சுத்தமான சிறு குப்பியில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அது சிஎஸ்எஃப்தானா என்று கண்டறியும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு மிகச் சிறிய அளவே போதும். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் குப்பிக்கெல்லாம் நேரமில்லை, நேராக அவசரப் பிரிவுக்கு. மூக்கைச் சிந்துவது, முக்குவது, கனம் தூக்குவது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது நான்கு வாரத்துக்கு வேண்டாம். மலம் இறுகாமல் மருந்து கொடுத்துவிட வேண்டும். தும்மல் வந்தால் அடக்கக்கூடாது. வாயைத் திறந்தபடி தும்மச் சொல்லி, டிஸ்சார்ஜ் நாளன்று நம் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.